செம்மண் விழுங்கிய சத்தம்

கடல்நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குள் வருவதைப் பற்றிப் போய்வந்தவர்கள் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் அதை விட்டுவிடுகிறேன். கரையில் இறங்கியபோது என் சப்பாத்து நனைந்திருந்தது, பை நனையவில்லை. அது போதும்.

நான் போனது என் தகப்பனாரை, ஐயாவை, கூட்டிக்கொண்டு வர. கொழும்பில் அவருக்காக ஓர் அறை எடுத்து வைத்திருந்தேன். இங்கிலாந்தில் என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பேராசிரியரிடம் மூன்று கிழமை லீவு கேட்டபோது, "ஏதாவது அவசரமா?" என்றார். "அப்பாவை வீடு மாற்ற வேண்டும்" என்றேன். "வயதானவர்களை நகர்த்துவது பெரும்பாடு. என் அம்மா தோட்டத்து ரோசாச் செடிகளை விட்டு வரமாட்டேன் என்று ஒரு வருடம் அடம்பிடித்தார்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கரையிலிருந்து ஏறிய தட்டிவான், பலகை அடித்த பழைய பயணிகள் வண்டி, மண்ணெண்ணெயில் ஓடியது. சாரதி மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோல் வைத்திருந்தான். அதில் சில துளிகளை எஞ்சினுக்குள் விட்டு உயிர்ப்பித்துவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவான். கைதடி தாண்டியதும் எஞ்சின் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். எனக்குப் பக்கத்தில் தள்ளியவர் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர்.

"பிள்ளை எங்கை படிக்கிறீர்?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். சொன்னேன்.

"தகப்பன் என்ன செய்யிறார்?"

"மயிலிட்டியிலை கடற்றொழில் செய்தவர்."

அவர் கண் என் முகத்துக்கு வந்து, சப்பாத்துக்குப் போய், திரும்பி வந்தது. "கடற்கரைப் பக்கத்திலையும் இப்ப நல்லாப் படிக்கினம்" என்றார்.

"ஓம். நீங்கள் இன்னும் கொஞ்சம் பலமாத் தள்ளுங்கோ" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஐயாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. அக்கா மூன்றாம் வகுப்போடு நின்று கருவாடு காயப்போட்டாள். நான் பௌதிகம் படித்து, புலமைப்பரிசில் பெற்று, கடல் கடந்து ஆராய்ச்சி செய்யப் போனவள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை, அடக்கமும் இல்லை.

என் ஆராய்ச்சி, திறந்த வெளியில் எழும் சத்தம் நிலத்துக்கு மேலாக எப்படிப் பயணம் செய்கிறது என்பது. புல்வெளியிலும் உழுத வயலிலும் பனி மூடிய தரையிலும் வெற்றுத் தோட்டாவைச் சுடுவோம். தூரத்தில் கம்பங்களில் மைக்குகளைக் கட்டிப் பதிவோம். பிறகு அதே சத்தத்தைக் கணினியில் கணக்காக ஓட்டி, கணக்கும் வயலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்போம். அங்கே இந்த வேலைக்கு எங்களுக்கு இருந்த பெரிய சிரமம் மாடுகள். சுட்ட சத்தத்துக்கு வெருண்டு மைக் கம்பங்களைச் சாய்த்துவிடும்.

சண்டை வந்து மயிலிட்டியை விட்டு எங்கள் சனம் வெளியேறி மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மா இடம்பெயர்ந்த முதல் மாரியிலேயே காய்ச்சலில் போய்விட்டா. முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் திரும்பத் தேவைப்பட்டபோது, சுன்னாகத்துக்குக் கிழக்கே ஒரு தோட்டவெளியின் ஓரத்தில் கொட்டில் போட இடம் கிடைத்தது. காணிக்காரர் நடராசா அண்ணை. நல்ல மனிதர், ஆனால் எங்கள் ஆட்களோடு கதைக்கும்போது ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதைப்பார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஐயா கொட்டில்களுக்கு முன்னால், கையில்லாத ஒரு பள்ளிக்கூடக் கதிரையில் இருந்தார். தலையைக் கொஞ்சம் சரித்து, இடது காதை வடக்குப் பக்கம் கொடுத்திருந்தார். என்னைக் கண்டும் எழும்பவில்லை.

"வந்திட்டியோ மோனை. கொஞ்சம் பொறு."

பொறுத்தேன். நாலு வருடத்துக்குப் பிறகு வந்த மகள் பையோடு நின்றேன். எதையோ கேட்டு முடித்த பிறகுதான் எழும்பி வந்து என் தலையில் கை வைத்தார்.

அன்று பின்னேரம் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ். கூழுக்குள் மீன் இல்லை, நண்டு இல்லை. பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் மட்டும் கிடந்தன. கடலில் பிறந்த சனம் மீன் இல்லாமல் கூழ் குடித்ததை அன்றுதான் பார்த்தேன். பக்கத்துக் கொட்டில் பூமணி மாமி என் கையிலிருந்த பனையோலைப் பிளாவைக் கவனித்துக்கொண்டிருந்தா.

"லண்டன்காரிக்கு உது தொண்டைக்குள்ளாலை இறங்குமோ?"

"அங்கை மீனை மாவிலை தோய்ச்சுப் பொரிச்சு, கடுதாசியிலை சுத்தித் தருவாங்கள் மாமி. குழம்பும் இல்லை, சொதியும் இல்லை."

"கடுதாசியிலையோ? சீ. அதுக்கு எங்கடை நிலமை பரவாயில்லை."

சாப்பிட்டு முடிய நான் வந்த காரியத்தைச் சொன்னேன். வெளியே போக அவருக்குப் பாஸ் எடுக்கலாம், வயதானவர் என்பதால் மறிக்கமாட்டார்கள், அறைக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்றெல்லாம் அடுக்கினேன். அக்காவும் தலையாட்டினாள். அவளுக்கும் அவர் போவதில் விருப்பம்தான். ஐயா வெறும் பிளாவை மடித்துக் கீழே வைத்தார்.

"எனக்கும் கடலைப் பாக்காமல் இஞ்சை இருக்கேலாதுதான்" என்றார். "கொழும்பிலை கடல் இருக்கெல்லே?"

"நடந்து போற தூரத்திலை."

"ஆனா நான் வந்தா, உதுகளுக்கு ஆர் கேக்கிறது?"

கேட்பது என்று அவர் சொன்னது இதைத்தான். வடக்கே இராணுவ முகாமிலிருந்து செல், அதாவது பீரங்கிக் குண்டு, அடித்தால், அது புறப்படும்போது ஒரு சத்தம் வரும். 'குத்துச் சத்தம்' என்பார்கள். உரலில் உலக்கை ஒரு தரம் விழுந்தது மாதிரி இருக்கும். குத்து கேட்டதிலிருந்து செல் வந்து விழும்வரை கிடைக்கும் அந்தச் சின்ன நேரத்துக்குள் பங்கருக்குள் போய்விட வேண்டும். கொட்டில்களுக்கு நடுவே ரயில்பாதையிலிருந்து கழற்றிய சிலிப்பர்க் கட்டைகளும் மண்மூட்டைகளும் போட்டு மூடிய ஒரு பெரிய பங்கர் இருந்தது. அதன் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. எல்லாரையும்விட முதலில் குத்தைக் கேட்பவர் ஐயா. அவர் தண்டவாளத்தை அடித்தால் அத்தனை கொட்டிலும் ஓடும். பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்திலும் இங்கே வந்த பிறகும் அவர் காது ஒருதரமும் பிழைக்கவில்லை என்றாள் அக்கா. ஆகவே குத்து கேட்காவிட்டால் செல் இல்லை என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் பெண்கள் சமைத்தார்கள், பிள்ளைகள் வெளியில் விளையாடினார்கள்.

மறுநாள் பொழுதுபடும் நேரத்தில் நானே கண்டேன். ஐயா திடீரென்று எழும்பினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தண்டவாளம் அலறியது. பங்கருக்குள் இருட்டில் முழங்காலோடு முழங்கால் இடிபட இருந்தோம். தூரத்தில் எங்கோ விழுந்தது.

"உரும்பிராய்ப் பக்கம்" என்றது ஒரு குரல்.

"இல்லை, கோண்டாவில்."

"எங்கையெண்டாலும் என்ரை காலிலை இருந்து எழும்புங்கோ" என்றா பூமணி மாமி.

மூன்றாம் நாள் அக்காவோடு சுன்னாகம் சந்தைக்குப் போனேன். அத்தானின் சைக்கிள் பின்டயருக்குள் ரியூப் இல்லை. கயிற்றை முறுக்கி அடைத்திருந்தார். அதில் பின்னால் இருந்து போவது கல் அடுக்கிய மாட்டு வண்டியில் போவது போல. சந்தையில் சவர்க்காரம் யானை விலை. துணி தோய்க்கப் பனம்பழம் வாங்கிப் போகிறவர்களைக் கண்டேன். இங்கிலாந்துக் கடையில் சவர்க்காரம் மட்டும் ஒரு தட்டு முழுக்க இருப்பதை அக்காவுக்குச் சொல்லவில்லை.

சந்தைக்கு வெளியே வண்டி வண்டியாகப் பூவரசங்குழை போய்க்கொண்டிருந்தது. தோட்டத்து மண்ணுக்குள் இலைகளைக் கட்டுக்கட்டாகப் புதைப்பதைக் குழை தாழ்ப்பது என்பார்கள். எப்போதும் செய்வதுதான், ஆனால் இவ்வளவு குழையை ஒரே நாளில் நான் கண்டதில்லை.

"யூரியாவுக்குத் தடையெல்லே பிள்ளை" என்றார் வண்டிக்காரர். "அதை வைச்சுக் குண்டு செய்வினமாம். பூவரசங்குழையை வைச்சு என்ன செய்யலாமெண்டு அவங்கள் இன்னும் கண்டுபிடிக்கேல்லை."

திரும்பி வந்தபோது எங்கள் கொட்டில்களுக்கு வடக்கே கிடந்த தரிசு நிலம் முழுவதும் புரட்டப்பட்டிருந்தது. காலையில் அதன் குறுக்கே சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வீதிக்குப் போனோம், இறுகிய கட்டாந்தரை. இப்போது வெங்காயம் நடுவதற்காக நடராசா அண்ணையின் ஆட்கள் ஐம்பது பேர் மண்வெட்டியால் கொத்திக் குழை தாழ்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் எல்லாக் காணியும் ஒன்றாக நடுகிறார்கள் என்றார் அவர். வடக்கே பனங்கூடல் தொடங்கும்வரை சிவப்பாகப் பொங்கிப்போய்க் கிடந்தது மண்.

நான் அதில் ஒரு காலை வைத்தேன். கணுக்கால்வரை தாழ்ந்தது. என் காலடி எனக்கே கேட்கவில்லை. சோளகக் காற்று தெற்கிலிருந்து என் முதுகில் அடித்து, முகாம் இருந்த பக்கம் போய்க்கொண்டிருந்தது. வெயில் உச்சியில் நின்றது. மூன்றையும் ஒன்றாக யோசித்ததும் திரும்பி ஐயாவின் கதிரையைப் பார்த்தேன்.

ஏன் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கடினமான தரையிலும் தண்ணீரிலும் பட்ட சத்தம் திரும்பி எழும்பி, நேரே வரும் சத்தத்தோடு சேர்ந்து அதற்குப் பலம் கொடுக்கும். துளைகள் நிறைந்த பொருமிய மண்ணில் அப்படி நடக்காது. காற்று அந்தத் துளைகளுக்குள் புகுந்து உராய்ந்து களைத்துப்போகும்; மிஞ்சித் திரும்பி வருவது நேரே வரும் சத்தத்தையே குலைக்கும். மண் மட்டும் என்றால் பரவாயில்லை. நிலம் சுட்டுக் கிடக்கும் மத்தியானத்தில் தரையை ஒட்டிய காற்று மேல்காற்றைவிடச் சூடானது. சத்தம் சூட்டில் வேகமாகப் போகும். ஆகவே அது தரையை விட்டு மேல்நோக்கி வளைந்துவிடும். எதிர்க்காற்றும் அதையே செய்யும். வளைந்து எழும்பிய சத்தத்துக்குக் கீழே, மரத்துக்கு நிழல் விழுவது போல, ஒரு நிழல் விழும். அந்த நிழலுக்குள் இருப்பவருக்கு எவ்வளவு நல்ல காது இருந்தும் பயனில்லை.

ஐயாவின் காது இதுவரை பிழைக்காததற்கும் காரணம் இருந்தது. செல் பெரும்பாலும் விடியலிலும் பொழுதுபடும்போதும்தான் வந்தது. அப்போது தரை குளிர்ந்திருக்கும்; சத்தம் கீழ்நோக்கி வளையும். அவருடைய பழக்கமோ கடலில் வந்தது. கடல் சத்தத்தை விழுங்காது. கரையில் கோயில் மணி அடித்தால் நடுக்கடலில் வள்ளத்தில் கேட்கும். தோட்டவெளியும் கடலைப் போலத் திறந்த வெளிதானே என்று அவர் நினைத்திருந்தார். வாழ்நாள் முழுக்கக் கடலில் இருந்தவர் வேறு எப்படி நினைப்பார்?

"கேக்கும்" என்றார் நான் சொன்னபோது. "குத்து எண்டா குத்துத்தான். மண்ணென்ன செய்யும்?"

"மத்தியானத்திலை கேக்காது ஐயா."

"நீ கடலிலை இருந்தனியோ?"

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்போது இரண்டு யோசனை ஓடியது. ஒன்று, இந்தச் சனத்துக்கு இதைத் தெரியப்படுத்த வேண்டும். மற்றது, தன் காது இங்கே உதவாது என்று ஐயாவுக்கு விளங்கிவிட்டால், அவரைக் கட்டி வைத்திருக்கும் கயிறு அறுந்துவிடும்; என்னோடு வருவார்.

ஒரு பரீட்சை வைத்தேன். வெற்றுத் தார்ப்பீப்பா ஒன்றை அத்தான் உருட்டிக்கொண்டு போய்ப் பனங்கூடலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவர் உலக்கையால் அதில் குத்துவார். ஐயா அவருக்கு முதுகு காட்டித் தன் கதிரையில் இருந்து, கேட்கும் ஒவ்வொரு தரமும் கையை உயர்த்துவார். நான் இருவரையும் பார்ப்பேன். கொட்டில் சனம் முழுவதும் கூடிவிட்டது. நடராசா அண்ணைகூட வேலியோரம் வந்து நின்றார்.

விடியற்காலையில் முதல் தரம். குத்துக்கு ஒரு கை. பிழையே இல்லை. ஐயா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சனமும் சிரித்தது.

"பிள்ளைக்கு இனிக் கூழ் ஊத்திறேல்லை" என்றா பூமணி மாமி.

மத்தியானம் மறுபடி. அத்தான் உலக்கையை ஓங்கிப் போடுவது கானலில் நெளிந்து தெரிந்தது. ஐயா அசையவில்லை. மறுபடி குத்தினார். அசையவில்லை. யாரோ குழந்தையைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு அத்தான் உலக்கையை நிலத்தில் ஊன்றி, துவாயால் முகத்தைத் துடைத்தார். அப்போது ஐயா கையை உயர்த்தினார்.

ஒரு சின்னப்பிள்ளை சிரித்தது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். ஐயாவின் கை மெல்லக் கீழே வந்தது. யாரும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது.

கணக்கும் வயலும் ஒத்துப்போகும்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆளையாள் முதுகில் தட்டுவோம். இங்கே சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தது. அன்று ஐயா சாப்பிடவில்லை. அக்கா என்னோடு கதைக்கவில்லை. பொழுதுபடும் நேரம் ஐயாவே வந்தார்.

"பாஸுக்குப் படம் வேணுமெல்லே? நாளைக்குப் போய் எடுப்பம்" என்றார்.

நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. அடுத்த நாள் சுன்னாகத்தில் படம் எடுத்தோம். படக்காரன், "ஐயா கொஞ்சம் சிரியுங்கோ" என்றான். "பாஸ் தாறவை சிரிக்கச் சொன்னவையோ?" என்று ஐயா கேட்டார். திரும்பி வரும்போது, கொழும்புக் கடலில் மண்டைதீவுப் பக்கம் போல இறால் படுமா என்று விசாரித்தார்.

கொட்டிலடியில் பூமணி மாமி காத்திருந்தா. மாமியின் மகன் ஒருவன் மயிலிட்டியிலிருந்து வெளியேறிய அன்று வழியில் செல் பட்டுச் செத்தவன். இந்த முறை பகிடி இல்லை.

"பிள்ளை, உன்ரை ஐயாவுக்குக் கேக்காதெண்டு காட்டிப்போட்டாய். சரி. அப்ப எங்களுக்கு என்ன வழி?"

"இந்த இடத்தை விட்டுப் போறது நல்லது மாமி."

"எங்கை? ஆர் காணி தருவினம்? நீ படிச்சனியெல்லே. படிச்ச ஆள் ஒரு வழி சொல்லு."

வழி எனக்குத் தெரியும். பரீட்சை நடந்த நேரமே தெரியும். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல நான் எங்கும் பழகவில்லை. பக்கத்தில் ஐயா நின்றார்.

"சத்தம் எட்டாத நிழல் தரையிலைதான் மாமி கிடக்கும்" என்றேன். "உயர இருந்தால் நிழலுக்கு வெளியிலை வரலாம். உயரத்திலை இருக்கிற ஆளுக்கு மத்தியானத்திலையும் குத்துக் கேக்கும்."

கொட்டில்களுக்கு மேற்கே ஒரு பனை நின்றது. போன வருடம் செல் பட்டுத் தலை போய்ப் பாதியில் நின்ற பனை. ஐயா அதன் அடிக்குப் போய் மேலே பார்த்தார். ஓலை இல்லை, ஆகவே காற்றில் சலசலப்பும் இல்லை. காது வைப்பதற்கு அதைவிட நல்ல மரம் அந்த வெளியில் வேறு இல்லை. அது எனக்குத் தெரிந்த அதே கணத்தில் அவருக்கும் தெரிந்தது.

இரண்டு நாளில் பூவரசந்தடிகளை வலைக்கயிற்றால் குறுக்கே கட்டிப் படி வைத்தார். பாய்மரத்துக்குக் கட்டும் முடிச்சு. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. உச்சியில் ஒரு பலகை. தண்டவாளத் துண்டையும் மேலே ஏற்றிக் கட்டினார்கள். மத்தியான வெயிலில் அத்தான் மறுபடி பீப்பாவைக் குத்த, ஐயா மேலே இருந்து ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்று கூப்பிட்டார். ஒன்றும் தவறவில்லை.

"லண்டன் படிப்பெண்டா லண்டன் படிப்புத்தான்" என்றா மாமி. நடராசா அண்ணை பின்னால் கட்டிய கையை எடுத்துவிட்டு, "கெட்டிக்காரி" என்றார். அன்று எனக்குக் கூழுக்குள் எங்கிருந்தோ ஒரு துண்டு கருவாடு வந்தது. நான் மகிழ்ச்சியோடுதான் சாப்பிட்டேன். பாஸ் பற்றி ஐயா பிறகு கதைக்கவில்லை. நானும் இரண்டு நாள் கேட்கவில்லை.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள், உச்சி வெயில். அக்காவோடு கிணற்றடியில் நின்றேன். காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று மேலே தண்டவாளம் அலறியது. எல்லாரும் ஓடினோம். பங்கர் வாசலில் திரும்பிப் பார்த்தேன். ஐயா இறங்கவில்லை. ஒரு கையால் பனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அடித்துக்கொண்டே இருந்தார். அத்தான் என்னை உள்ளே இழுத்து விழுத்தினார்.

செல் குழை தாழ்த்த மண்ணில் விழுந்தது. மண் அதை ஆழமாக உள்ளே வாங்கிப் பிறகு கக்கியது. வெளியே வந்தபோது செம்மண்ணும் அழுகிய இலையும் கொட்டில் கூரைகளில் கிடந்தன. நடுவதற்கு வைத்திருந்த விதை வெங்காயம் சிதறி, வெளி முழுக்கக் காரமாக மணத்தது. ஒருவருக்கும் காயம் இல்லை. மண்ணில் பிள்ளைகள் விளையாடிய இடத்தில் செல்லின் இரும்புச் சில்லு ஒன்று கிடந்தது. அதைத் தொட முடியவில்லை, சுட்டது.

ஐயா மெல்ல இறங்கி வந்தார். பனையின் சொரசொரப்பில் கன்னமும் நெஞ்சும் உராய்ந்து இரத்தம் கசிந்தது. பலகையின் அடியில் ஒரு சில்லு ஏறியிருந்தது. பிளேன்ரீ கேட்டார். அக்கா பனங்கட்டித் துண்டோடு வெறுந்தேத்தண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏன் ஐயா இறங்கேல்லை?" என்று கேட்டேன்.

"உதிலை இருந்து இறங்க நேரம் காணாது மோனை. இறங்கி முடிய முந்திச் செல் வந்திடும்."

"இண்டைக்குத்தான் தெரிஞ்சதோ?"

"ஏறின முதல் நாளே தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் பிளேன்ரீயை ஊதிக் குடித்தார். என்னைக் குற்றம் சொல்லும் குரலே இல்லை.

"நீ கணக்குப் பாத்துத்தானே சொன்னனி. அதுவும் பாத்திருப்பாய் எண்டு நினைச்சன்."

சத்தம் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் போகும் என்று எனக்குத் தெரியும். அறுபது வயது மனிதன் ஒருவன் பனையிலிருந்து இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் பார்க்கவில்லை. என் கணக்கில் உயரத்தில் இருந்தது ஒரு காது மட்டும்.

பிறகு நான் என்னென்னவோ சொன்னேன். ஆள் மாறி மாறி ஏறலாம் என்றேன். "உன்ரை அத்தானுக்கு ரண்டு குஞ்சு கிடக்கு" என்றார். கயிற்றால் வழுக்கி இறங்கலாம் என்றேன். "இறங்கலாம். அப்ப தண்டவாளத்தை ஆர் அடிக்கிறது? எல்லாரும் உள்ளுக்குப் போகுமட்டும் அடிக்கவேணும்." பனையே வேண்டாம், என்னோடு வாருங்கள் என்றேன்.

"முந்தி எண்டா வந்திருப்பன். என்ரை காது உதவாதெண்டு நினைச்சன். இப்பதான் உதவுதே."

அக்கா அழுதுகொண்டு உள்ளே போனாள்.

கடைசியாக என்னிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஐப்பசி மழை விழுந்தால் மண்ணின் துளைகள் நிரம்பி இறுகும், வெயில் தணியும், சோளகம் போய் வாடை பிறக்கும். வாடைக் காற்று வடக்கிலிருந்து சத்தத்தைக் கொண்டுவந்து தரையிலேயே போடும். அப்போது கீழே கதிரையில் இருந்தாலும் கேட்கும் என்று சொன்னேன்.

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியும் ஐயா."

"அப்ப மழை வந்தோடனை இறங்கிறன்" என்றார். "நீ சொன்னா சரிதான்."

மறுநாள் அத்தானின் சைக்கிளில் பின்னால் இருந்து போனேன். குலுங்கலில் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஒழுங்கை திரும்பும் முடக்கில் அத்தான் சைக்கிளை நிறுத்தினார். தோட்டவெளிக்கு மேலே பாதிப் பனையும் அதன் உச்சியில் சிறிதாக ஓர் உருவமும் தெரிந்தன. நான் கை காட்டினேன். ஐயா காட்டவில்லை. காது வடக்கே இருந்தது.

திரும்பி வந்து இங்கிலாந்துப் புல்வெளியில் வேலையைத் தொடர்ந்தோம். ஒரு நாள் நாலு கம்பங்களிலும் மைக்குகளை ஏற்றிக் கட்டிய பிறகு வானம் கறுத்தது. என்னோடு வேலை செய்பவன் கருவிப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு வாகனத்துக்கு ஓடினான்.

"மேலே இருப்பதை விட்டுவிட்டு வா" என்று கத்தினான். "அது வெறும் மைக். போனால் வேறு வாங்கலாம்."

நான் நாலையும் இறக்கினேன். முடிச்சுகள் நனைந்து இறுகிப்போயிருந்தன, நேரம் எடுத்தது. நன்றாக நனைந்துவிட்டேன். வாகனத்துக்குள் அவன் துவாயைத் தந்து, "உங்கள் ஊரில் மழை எப்போது?" என்று கேட்டான்.

ஐப்பசியில் என்றேன். ஐப்பசி பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.